வெள்ளம் வடியும்வரை

காவிரி இரு கரையும் புரண்டோடிய ஒரு நாளில், தென்கரையிலுள்ள கண்டியூரை வழிபட்டு நின்ற சேரமான் பெருமாள் எதிர்க்கரைத் திருவையாற்றையும் தரிசிக்க வேண்டுமென்று விரும்ப, ஓடம் செல்லவும் வகையில்லாத அந்தப் பெருக்கின் முன் சுந்தரமூர்த்தி நாயனார் ஒரு பதிகம் பாட, ஆறு ஒதுங்கி நடுவே மணல் வழி விட்டது என்று சேக்கிழார் சொல்லுகிறார். பிறந்து சில நாழிகையே ஆன கண்ணனைச் சுமந்துகொண்டு நள்ளிரவில் கோகுலத்துக்குப் புறப்பட்ட வசுதேவருக்கு யமுனை வழி விட்டது என்று பாகவதம் சொல்லுகிறது. அடியவர்களுக்காக ஆறுகள் விலகுவது நம் புராணங்களில் அபூர்வமான சம்பவமன்று. அப்படியிருக்க, அதே காவிரி, அதே பரமசிவனுடைய வேறோர் அடியாளுக்காக, அதுவும் பிரசவ வேதனையில் கிடந்த ஒரு பெண்ணுக்காக, ஏன் விலகவில்லை என்று கேட்பது நாஸ்திக வாதமாகாது. சிரத்தையுள்ளவனுக்கும் எழக்கூடிய சந்தேகம்தான் அது.

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியுள்ள செவ்வந்திநாதருக்குத் தாயுமானவர் என்ற திருநாமம் வந்த வரலாற்றை நம்மில் பெரும்பாலோர் அறிவர். தனகுத்தன் என்னும் வணிகனுடைய மனைவி இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியது. துணைக்கு வரவேண்டிய தாய் பூம்புகாரிலிருந்து புறப்பட்டு வந்தும், வழியில் காவிரி பெருகி மறித்துக்கொண்டது. இப்பால் மகளுக்கு வலி கண்டுவிட்டது. அப்போது இறைவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து, பிரசவம் பார்த்து, தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டிய பணிவிடைகளைச் செய்துகொண்டிருந்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபின், ஒரே வீட்டில் இரு தாயாரைக் கண்டு எல்லாரும் திகைத்து நிற்க, முன்னவள் மறைந்தாள். சுகப்பிரசவத்துக்காக இன்றும் பெண்கள் அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்ளுகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதனை நடித்தும் காட்டுகிறார்கள்.

இந்த வரலாற்றைக் கேட்டு உருகுகிறவர்கள் அதிலுள்ள விசித்திரத்தைக் கவனிப்பதில்லை. ஆற்றைத் தடுத்திருந்தால் தாயே வந்து சேர்ந்திருப்பாள். வேஷத்துக்கு அவசியமே இராது. வலியை நீக்கியிருந்தால் துணையே வேண்டியிராது. ஆலகால விஷத்தைக் கண்டத்தில் அடக்கியவருக்கு இவ்விரண்டும் அருமையான காரியங்கள் அல்லவே. இருந்தும் அவர் வெள்ளத்தை வெள்ளமாகவே விட்டார். வலியை வலியாகவே விட்டார். தம்முடைய சர்வ வல்லமையையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, வெந்நீர் வைக்கவும் துணி அலசவும் பழகிய ஒரு முதியவளின் இரண்டு கைகளை மாத்திரம் மேற்கொண்டு வந்தார்.

இது லீலை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். பலர் கூறியும் இருக்கிறார்கள். அந்த விடை கேள்வியை மூடுகிறதே தவிரத் தீர்ப்பதாகத் தெரியவில்லை. எனக்குத் தோன்றுவது இது: ஆறு விலகுவது க்ஷணத்தில் நடக்கும் காரியம், சிசு சம்ரக்ஷணை க்ஷணத்தில் முடியும் காரியமன்று. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அதாவது, பகலென்றும் இரவென்றும் பாராமல் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். முதல் சில நாட்களில் அதன் எடை சற்றுக் குறையும். பத்தில் ஒரு பங்குவரை குறைந்து, பிறகு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்புகிறது. அந்த இரண்டு வாரத்தைப் பத்து நிமிஷமாகச் சுருக்கும் மந்திரம் எதுவும் இல்லை. கண்ணும் உடம்பும் மஞ்சள் பூக்கின்றனவா, நாளொன்றுக்கு எத்தனை தடவை நனைக்கிறது, பால் குடித்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டேயிருப்பது ஒன்றே அங்கே தவம். ஆகவே, தெய்வமாயினும் அந்த வீட்டிற்கு அளிக்கக்கூடியதாக இருந்தது காலம் ஒன்றுதான். வெள்ளம் வடிய எத்தனை நாள் ஆயிற்றோ அத்தனை நாளும் அவர் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. கல்ப கோடி காலத்தைக் கடந்தவர் அந்தச் சில இராத்திரிகளை ஒவ்வொன்றாகக் கழித்தார். பெரியபுராணத்து அற்புதத்தைவிட இதுவே பெரிய அற்புதம் என்று சொன்னால் சைவப் பெரியோர்கள் என்மீது கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் வந்தது குழந்தைக்காக அன்று, குழந்தையின் தாய்க்காக. இரத்தினாவதியின் அபேக்ஷையெல்லாம் தன் தாய் அருகில் இருக்க வேண்டும் என்பதுதான். அந்த அபேக்ஷைக்குச் செவி சாய்த்தே அவர் இறங்கி வந்தார். நாமோ பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறோம் என்கிறோம். போய்க் குழந்தையைப் பார்க்கிறோம், மூக்கு யாருடைய சாயல் என்று விவகரிக்கிறோம், கையில் ஒரு நோட்டைத் திணித்துவிட்டுத் திரும்புகிறோம். பக்கத்தில் பச்சை உடம்போடு ஒருத்தி கிடக்கிறாள் என்பது நம் கண்ணில் படுவதில்லை. லண்டன் நகரில் நாற்பது ஆண்டுகள் குழந்தை மருத்துவராக இருந்தவரும், மனோதத்துவ ஆராய்ச்சியில் பேர்பெற்றவருமாகிய டொனால்ட் வின்னிகாட் என்பவர், உலக யுத்த காலத்திலும் அதன் பின்னும் இங்கிலாந்து வானொலியில் தாய்மாரை நோக்கிப் பல பேச்சுக்கள் நிகழ்த்தினார். குழந்தை என்று தனியாக ஒன்று கிடையாது, குழந்தையும் அதைப் பேணுகிறவளும் சேர்ந்தே ஒரு பொருள் என்பது அவருடைய சித்தாந்தம். தாயானவள் குழந்தையைத் தாங்க வேண்டுமானால், தாயைத் தாங்குகிறவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் காப்புப் பருவத்தில் திருமால் முதலிய தெய்வங்களையெல்லாம் அழைத்துக் குழந்தையைக் காக்கும்படி வேண்டுகிறார்கள். குமரகுருபரர் அவ்வாறு காவல் வேண்டுவது அகில லோகங்களையும் காக்கின்ற மீனாட்சிக்கே. ஜகன்மாதாவாயினும், குழந்தையாகத் தொட்டிலில் கிடக்கும்போது அவளுக்கும் பிறர் காவல் வேண்டும் என்பது சாதாரணக் கற்பனையா?

இவ்வளவு உயர்ந்த எண்ணம் புராணத்திலும் பிரபந்தத்திலும் இருந்த தேசத்தில், பிரசவ அறை என்ன நிலையிலிருந்தது என்று எண்ணும்போதுதான் மனம் கூசுகிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு என்று ஒரு மூலையில் ஒதுக்கிவைத்தார்கள். அது அவளுக்கு ஓய்வளிப்பதற்கும், நோய் அண்டாமல் காப்பதற்கும் பெரியோர் செய்த யுக்தி என்று இக்காலத்தில் சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. அதில் பாதி உண்மையாக இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் அடுப்படி வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது பெரிய காரியமே. ஆனால் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையையும், தொப்புள்கொடியை அறுத்த அரிவாளையும், அறுத்த இடத்தில் அப்பிய சாம்பலையும் அந்தச் சமாதானம் மறைத்துவிடுகிறது. அவற்றால் வந்த ரணஜன்னி (டெட்டனஸ்), பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் எத்தனையோ சிசுக்களைக் கொண்டுபோயிற்று. பிரசவத்தை ஒட்டி வரும் அந்த நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015ஆம் ஆண்டில்தான். சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் புகட்டிய வழக்கமும் அப்படிப்பட்டதே. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும், ஆறு மாதம்வரை அதைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று இன்று வைத்தியர்கள் சொல்லுவது நம் பாட்டிமாருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். தெய்வம் கொடுத்த முதல் உணவை மனிதர் கொட்டிவிட்டார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மருத்துவச்சியின் கதை இன்னும் கசப்பானது. பல ஊர்களில் அவள் முடிதிருத்தும் குலத்துப் பெண். எந்த ஜாமத்தில் கூப்பிட்டாலும் வருவாள். வேறு யாரும் தொடத் துணியாததைத் தொட்டு, வேறு யாரும் அலசாததை அலசி, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டி, மூக்கும் தலையும் உருவிவிட்டு, சில மரக்கால் நெல்லும் ஒரு புடவையும் பெற்றுக்கொண்டு போவாள். அவள் கையில் முதன்முதலாக விழுந்த பிள்ளை வளர்ந்தபின், அவளைத் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்துப் பேசுவான். மலைக்கோயிலில் தெய்வம் செய்த தொழிலும் அவள் செய்த தொழிலும் ஒன்றே. அங்கே அதற்குப் பூஜை நடந்தது; இங்கே அதுவே தீட்டாயிற்று. இந்த முரண்பாட்டை எந்தச் சமய பீடமும் கண்டித்துப் பேசியதாக நான் படித்ததில்லை.

திருக்கருகாவூர்த் தல வரலாறு இதற்கு வேறொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் காட்டுகிறது. நித்துருவ முனிவர் வெளியே சென்றிருந்த சமயம், கருவுற்றிருந்த அவர் மனைவி வேதிகை களைத்துக் கிடக்கையில், ஊர்த்துவபாதர் என்ற ரிஷி வாசலில் நின்று பிக்ஷை கேட்டார். அவளால் எழுந்து வர இயலவில்லை. அவமதிப்பென்று எண்ணி அவர் சபித்துவிட, கரு கலைந்தது. அம்பிகை அதனைக் கலசத்தில் வைத்துக் காத்து உரிய காலத்தில் குழந்தையாக அளித்தாள் என்பதும், தாயிடம் பாலில்லாத அந்தச் சிசுவுக்குக் காமதேனு பால் சுரந்தது என்பதும் பிற்பகுதி. கர்ப்பரக்ஷாம்பிகையின் பெருமையைக் கொண்டாடும் நாம் ரிஷியை மறந்துவிடுகிறோம். வேத சாஸ்திரங்களெல்லாம் அறிந்தவருக்குக் களைத்த ஒரு பெண்ணின் நிலைமை தெரியவில்லை. தமக்கு உபசாரம் நடக்கவில்லை என்பது மாத்திரம் தெரிந்தது. காப்பி கொடுக்கவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பிரசவ வீட்டிலிருந்து குறைபட்டுக்கொண்டு திரும்பும் உறவினரைக் காணும்போதெல்லாம் எனக்கு ஊர்த்துவபாதர் நினைவுக்கு வருவார். அவர்களுக்குச் சபிக்கும் சக்தி இல்லாதது நம் பாக்கியம். யோசனை சொல்லும் சக்தி இருக்கிறது. அது ஏறக்குறைய அதே வேலையைச் செய்துவிடுகிறது. வசம்பு சுட்டு வை என்பார் ஒருவர், வைக்காதே என்பார் மற்றொருவர். பால் போதவில்லை, புட்டி கொடு என்பார் மூன்றாமவர். மூவரில் ஒருவரும் சமையலறைப் பக்கம் போய் ஒரு ரசம் வைத்துக் கொடுத்திருக்கமாட்டார்.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் அளவில் காரணம் தோன்றாமலே கண்ணீர் பெருகுவது மிகப் பலருக்கு உண்டு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அது தானே தணிந்துவிடும். தணியாமல் நீண்டு, உறக்கத்தையும் பசியையும் குழந்தையின்மேல் உள்ள பற்றையும் அரித்துத் தின்னும் மனச்சோர்வு வேறு. அது வைத்தியம் பார்த்துத் தீர்க்க வேண்டிய வியாதி. குழந்தை பிறந்த வீட்டில் அழலாமா என்று அதட்டுவதும், பேய்க் கோளாறென்று வேப்பிலை தேடுவதும் நம்மிடம் இன்னும் போகவில்லை. தன் குழந்தையைக் கண்டு தனக்கு ஆனந்தம் பொங்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சியால் வாய் திறவாமல் தவிக்கும் பெண்ணிடம் தாய்மை தெய்விகமானது என்று பிரசங்கம் செய்வதைவிடக் குரூரம் வேறில்லை. மலைக்கோயில் வரலாற்றில் தெய்வம் ஒரு வார்த்தையாவது உபதேசம் செய்ததாக நான் கேட்டதில்லை.

துணைக்கு வருகிறவர் எவ்வளவு செய்ய வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் சுலபமான பிரச்னையன்று. ஸ்ரீவைஷ்ணவர்களிடையே, வேதாந்த தேசிகரையும் பிள்ளை லோகாசாரியரையும் முன்னிட்டு வழிவழியாக நடந்துவரும் வாதம் ஒன்று உண்டு. ஜீவன் பகவானைக் குரங்குக் குட்டியைப் போலத் தானும் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. பூனைக் குட்டியைப் போலச் சும்மா கிடந்தால் தாயே வாயில் கௌவிச் செல்லும் என்பது மறு கட்சி. இந்த வாதத்தில் இரு திறத்தாரும் மனிதக் குட்டியை விசாரித்ததாகத் தெரியவில்லை. பிறந்த சிசுவின் உள்ளங்கையில் விரலை வைத்துப் பாருங்கள்; இறுகப் பற்றிக்கொள்ளும். கன்னத்தைத் தொட்டால் தொட்ட பக்கம் வாயைத் திருப்பி முலை தேடும். ஆனால் அந்தப் பிடி தன் உடம்பை நெடுநேரம் தாங்கும் பிடியன்று; தலை நிற்பதற்கே மூன்று மாதம் செல்லும். பற்றவும் பற்றுகிறது, தூக்கவும் வேண்டியிருக்கிறது. புதிதாகத் தாயானவள் நிலைமையும் இதுவேதான். குழந்தையை அவள் கையில் கொடுக்காமல் எல்லாவற்றையும் தானே செய்துவிடும் பாட்டி, மூன்றாம் மாதம் மகளைப் புக்ககத்துக்கு அனுப்பும்போது, குழந்தையைக் குளிப்பாட்டவே அஞ்சுகிற ஒருத்தியை அனுப்புகிறாள். எல்லாம் தானே வந்துவிடும், நாங்கள் எத்தனை பெற்றோம் என்று விலகி நிற்கிறவள் அதைவிடக் கெடுதல் செய்கிறாள். குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையில் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த நாள் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பவளே இந்தக் கலை தெரிந்தவள். அப்படி உட்கார்ந்திருப்பது வேலை செய்வதைவிடக் கடினம் என்பதைப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

தாய் வீட்டுக்குப் போய்ப் பிரசவித்துவரும் வழக்கமே இன்று தளர்ந்து வருகிறது. அயலூரில் உத்தியோகம், தாயும் உத்தியோகத்திலிருப்பவள், நடுவே காவிரிக்குப் பதிலாகக் கடலே குறுக்கிடுகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு என்றாயிற்று. வரவேற்க வேண்டியதே, ஆனால் நாற்று நடுகிறவளுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் யார் அந்த விடுப்பைக் கொடுப்பது? அவர்களுக்கு வெள்ளம் வடிவதே இல்லை.

இனி எஞ்சியிருப்பவர் தகப்பனார். தனகுத்தன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது கதையில் கவனம் பெறாத விஷயம். வாசலில் உலாவிக்கொண்டிருந்தான் என்று நாமே ஊகித்துக்கொள்ளுகிறோம், நம் வீடுகளில் அவ்வளவே வழக்கம் ஆகையால். குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில் தேவகியின் வாய்மொழியாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார். கண்ணனைப் பெற்றும், அவனுக்குத் தாலாட்டவும் பாலூட்டவும் வாய்க்காமற்போன தாயின் புலம்பல் அது. சிசுவைப் பேணுவது கடமை, பாரம், தியாகம் என்றெல்லாம் நாம் பேசுவதைச் சேரநாட்டு மன்னராகிய அந்த ஆழ்வார் தலைகீழாக்கிவிடுகிறார். அவர் நோக்கில், இரவெல்லாம் விழித்த யசோதை பாக்கியவதி, நிம்மதியாகத் தூங்க முடிந்த தேவகி நிர்ப்பாக்கியவதி. தேவகி தன் இழப்போடு நிறுத்தவுமில்லை. நந்தகோபனுக்குக் கிடைத்த பாக்கியம் வசுதேவருக்குக் கிடைக்கவில்லையே என்று கணவனுக்காகவும் சேர்த்து அழுகிறாள். குழந்தையை எடுத்து வளர்க்காதது தந்தைக்கும் நஷ்டமே என்று ஓர் அரசர் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே கணக்கில் எழுதிவைத்திருக்க, ஈரத்துணி மாற்றுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று இன்றும் மாமியார் சொல்லுகிறாள், மருமகனும் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுகிறான். இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுப்பதை வேண்டுமானால் அவனால் செய்ய இயலாது. குடித்து முடித்த குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் உலாவலாம், தாய் ஒரு மணி நேரம் கண்ணயரலாம். வசுதேவருக்காவது கம்சனுடைய சிறை குறுக்கே இருந்தது.